நொண்டி ஹெச்

லாட் எண் இருநூற்றுப் பதினான்கு.
இரட்டைக் குழல், பக்கப்பூட்டு, பன்னிரண்டு போர்.
மேலே தங்கம் இழைத்த பெயர்:
பெல்சாம் அண்ட் ட்ரூ, லண்டன்.

கொண்டுவந்த ஆல்வின் பெஸ்விக்
ஈரக் கோட்டைக் கழற்றாமலே சொன்னார்:
"அசல் லண்டன். கொள்ளுத்தாத்தா
கையால் செய்யச் சொல்லி வாங்கியது."
கையால்தான், சந்தேகமில்லை.
எத்தனை கை என்று அவர் கேட்கவில்லை,
நானும் சொல்லவில்லை.
லட்லோவில் மூன்றாம் நாளாக மழை.

முன்கட்டையைக் கழற்றிக்
குழல்களை மல்லாத்தினேன்.
அடிவயிற்று எண்ணெய்க் கறுப்பைத் துடைக்க,
கிரீடம் வைத்த சோதனை முத்திரைகள்
ஒவ்வொன்றாய் மேலே வந்தன.
எல்லாம் பர்மிங்ஹாம்.
பக்கத்தில் கடுகளவில் டபிள்யூ. கே.:
இரும்பையும் எஃகையும் சேர்த்து முறுக்கி
ஓடைத் தண்ணீர் போல வரியோட வைத்த ஆள்.
அவரை எனக்குத் தெரியும்.
வருடத்தில் ஏழெட்டு முறை சந்திக்கிறோம்.

வால்நட் கட்டைக்குள், தகட்டின் அடியில்,
பென்சிலில் யாரோ போட்ட கூட்டல் கணக்கு.
ஷில்லிங்கும் பென்ஸும்.
விடை தப்பு.

பூட்டைக் கடைசியில் திறந்தேன்.
உள்ளே நூற்று நாற்பது வருட இருட்டு,
துரு ஏறாத வில்,
பாலத்தின் ஓரத்தில் ஜே. ஹெச்.

ஜே. ஹெச். என்றால் டார்லஸ்டனில் யாரும் ஆகலாம்.
அந்தக் கால வணிகர் கையேட்டில் பதினொரு பேர்;
அதில் ஒருவர் பூட்டும் செய்து பீரும் விற்றவர்.
ஆனால் இந்த ஹெச்சுக்கு
வலது கால் நுனி கிடையாது.
அச்சு உளி என்றோ ஒரு நாள் தெறித்திருக்கிறது.
என் நோட்டில் இதே நொண்டி ஹெச்
ஆறு பூட்டுகளில்.
அதில் ஒன்றில் மட்டும், என்ன கர்வமோ,
முழுப் பெயரையும் கீறி வைத்திருந்தார்:
ஜேபெஸ் ஹிக்கின், 1871.

பிடித்துவிட்டேன் என்று
தேநீர் போட எழுந்தேன்.
தண்ணீர் கொதிப்பதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.

ஜேபெஸைப் புதைத்தது 1879 பிப்ரவரியில், நுரையீரல் நோவு.
இந்தத் துப்பாக்கி கடைப் பேரேட்டில் ஏறியது
1884 அக்டோபரில்.

விளக்கை இழுத்து, லென்ஸை வைத்து
ஏழு பூட்டுகளின் படங்களையும் பரப்பினேன்.
அவர் இருந்தவரை எழுத்து
ஆணி அடித்தது போல நேராக நிற்கிறது.
அப்புறம் வந்த மூன்றிலும்
இடது பக்கம் சாய்கிறது,
காற்றில் நடப்பவர் தொப்பியைப் போல.

உளி அதே உளி. கை வேறு.

1881 குடிக்கணக்கில் அந்த வீடு:
கெஸியா ஹிக்கின், விதவை, முப்பத்தெட்டு.
தொழில் என்ற இடத்தில் ஒரு கோடு.
மகன், ஆறு வயது.
வாடகைக்கு இருந்தவர் ஈனோக் ஸ்லேட்டர், இருபத்து நான்கு,
பூட்டு அராவுபவர்.
யாருக்கு இடது கைப் பழக்கம் என்று
கணக்கெடுக்க வந்தவர் கேட்கவில்லை.

எனக்கு ஆசை அந்தக் கோட்டின் மேல்தான்.
ஆசை ஆதாரம் ஆகாது.
ஸ்லேட்டருக்கும் கை இரண்டு.

"பூட்டுகள்: ஹிக்கின் பட்டறை,
ஜேபெஸுக்குப் பிந்தையவை" என்று எழுதினேன்.
மேலாளர் ஹ்யூகோ பேனாவால் தட்டினார்:
"வாங்குகிறவன் மேலே இருக்கும் பெயரைத்தானே வாங்குகிறான்."
அடித்துவிட்டார். 
அடித்ததும் ஒரு கோடுதான்.

மாலை பெஸ்விக் தொலைபேசியில்:
"லண்டன்தானே?"
"லண்டனில் விற்றது" என்றேன்.
அந்தப் பக்கமும் மழை பெய்வது கேட்டது.

மறுபடி பூட்டினேன்.
நல்ல துப்பாக்கியில் திருகுகளின் வெட்டெல்லாம்
குழலின் வாக்கில் நிற்க வேண்டும்,
அது ஒரு மரியாதை.
ஐந்து நின்றன.
ஆறாவதை இன்னும் கொஞ்சம் முறுக்கினால்
கட்டை விரிந்துவிடும்,
தளர்த்தினால் ஆடும்.
இடது பக்கம் சாய்ந்தே நின்றது.
மணி ஐந்தரை.
பஸ்ஸைப் பிடிக்க வேண்டும், விட்டுவிட்டேன்.